பழைய காருக்கு டிஸ்க் பிரேக்: முதல் செலவு எது, மூன்றாவது செலவு எது?



கீழமாசி வீதியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் பலசரக்கு, பருப்பு, வத்தல் வியாபாரம் செய்கிற நம்மவர் வீடுகளில் இன்றைக்கும் ஒரு அம்பாசடரோ, பிரிமியர் பத்மினியோ இருக்கத்தான் செய்கிறது. அப்பா காலத்தில் வாங்கியது, முதல் கடை நன்றாக ஓடிய வருஷம் வாங்கியது, மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. விற்க மனசு வருவதில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுகிறோம். அதில் தவறில்லை.

சமீப காலமாக உறுப்பினர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணாச்சி, பழைய வண்டியில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடலாமா? பட்டறையில் போடு போடு என்கிறார்கள், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்." நான் மெக்கானிக் அல்ல, மண்டி வியாபாரி. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக அம்பாசடர் வைத்து, அதன் பிரேக் வேலைகளை வரிசையாகச் செய்து முடித்தவன். அந்த அனுபவத்தில் என் கருத்தைச் சொல்கிறேன். டிஸ்க் பிரேக் நல்லதுதான். ஆனால் அது மூன்றாவது செலவு. முதல் செலவும் இரண்டாவது செலவும் வேறு. அந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர், அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுகிறவர்.

வண்டி மாறவில்லை, சாலை மாறிவிட்டது

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 வாக்கில் செய்யத் தொடங்கிய வண்டி. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. பத்மினியோ இத்தாலியின் பியட் 1100 வழிவந்தது, பம்பாயில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்தது. பழைய மாடல்களில் இரண்டுக்கும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பின்னாளில் வந்த சில அம்பாசடர் மாடல்களுக்குத்தான் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கைக் கம்பெனியே கொடுத்தது.

அந்த டிரம் பிரேக் அன்றைய சாலைக்குப் போதுமானதாக இருந்தது. மதுரையிலிருந்து விருதுநகருக்குச் சரக்கு பார்க்கப் போனால், ஒற்றைத் தார்ச்சாலையில் மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போவோம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வந்தாலே பெரிது. இன்றைக்குத் திருமங்கலம் தாண்டினால் நாலு வழிச் சாலை. பின்னால் வருகிறவன் விளக்கைப் போட்டுப் போட்டு விரட்டுகிறான். நம் வண்டியும் எண்பதில் போகிறது. முன்னால் போகிற புது வண்டி, ஓட்டுநர் மிதித்த மாத்திரத்தில் நிற்கிறது. அதன் பின்னால் நாம் நிற்க வேண்டும். சங்கடம் அங்கேதான்.

கணக்கு நமக்குத் தெரிந்த விஷயம், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் தின்ன வேண்டிய சக்தி நாலு மடங்கு ஆகிறது. நாற்பதில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். எண்பதில் போகிற வண்டி 22 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பிரேக், நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் நாற்பதில் அதன் பிறகு சுமார் 10 மீட்டரில் நிற்கலாம். எண்பதில் 40 மீட்டர் வேண்டும். மொத்தத்தில் ஒன்று 21 மீட்டர், மற்றது 62 மீட்டர். ஆறு கடை அகலத்தில் நிற்பதற்கும் ஒரு தெரு நீளம் ஓடி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நல்ல பிரேக்குக்கே இந்தக் கணக்கு என்றால், தேய்ந்த பிரேக்குக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

டிரம் பிரேக் எங்கே கைவிடுகிறது

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற ஓர் இரும்புச் சட்டி. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் ஷூ விரிந்து சட்டியின் உட்புறத்தில் உரசும். இதில் ஒரு நல்ல குணம் உண்டு. சுற்றுகிற டிரம் ஷூவையும் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கும். ஆகவே கால் பலம் குறைவாக இருந்தாலும் வண்டி பிடிக்கும். பூஸ்டர் இல்லாத அந்தக் காலத்தில் இது பெரிய வசதி.

கெட்ட குணம், அது மூடிய பெட்டி. சூடு வெளியே போக வழியில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறிவிட்டுத் திரும்பி இறங்குகிறவர்களுக்கு இது தெரியும். வளைவுக்கு வளைவு மிதித்தபடி வந்தால் டிரம் சூடேறி விரியும், ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே கீழே போகும், நாற்றம் வரும், வண்டி நிற்காது. "ஏறின கியரிலேயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதற்காகத்தான். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினாலும் இதே கதை. டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் காய்கிறவரை பிரேக் பிடிக்காது. நாலில் ஒன்று மட்டும் சீக்கிரம் காய்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிஸ்க் பிரேக்கில் சுற்றுகிற தட்டு வெளியே காற்றில் இருக்கிறது. சீக்கிரம் ஆறும், தண்ணீரை உதறிவிடும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1902-லேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் இதற்குக் காப்புரிமை எடுத்தார். 1953-ல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் வென்ற பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-ல் சிட்ரோயன் கம்பெனி ஏராளமாகச் செய்து விற்ற காரில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் வந்துவிட்டது.

பிரேக் விஷயத்தில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். குடும்பத்தார் 1962-ல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். லைனிங் செய்கிற சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-ல் அங்கேயே வந்தது. பஸ் ஓட்டத் தொடங்கிய ஒரு குடும்பம், ஓடுகிற வண்டியை நிறுத்துவதும் ஒரு தொழில் என்று கண்டுகொண்டது. அந்த ஊர்க்காரர்களான நாம் பிரேக் விஷயத்தில் அலட்சியமாக இருக்கலாமா?

முதல் செலவு: இருக்கிற டிரம்மைச் சரிசெய்வது

டிஸ்க் போட வேண்டும் என்று வருகிற பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது, இருக்கிற பிரேக்கைப் பழுது பார்ப்பதுதான் என்பது என் எண்ணம். நாலு சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

டிரம்மின் உட்புறம் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மேல் கடைந்த டிரம் மெலிந்துபோய்ச் சீக்கிரம் சூடாகும், விரிசலும் விடும். அப்படிப்பட்டதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்கள். வீல் சிலிண்டரில் கசிவு இருந்தால் ரப்பர் மட்டும் மாற்றி ஒப்பேற்றாமல், உள்ளே துரு பிடித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து முழுதாக மாற்றுங்கள். ஆயில் பட்ட லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். லைனிங் மாற்றும்போது இடது வலது இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், ஒரே வகையில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய லைனிங் தூசியில் கல்நார் கலந்திருக்கலாம். அதைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பட்டறைப் பையன் நுரையீரலும் நுரையீரல்தான்.

சேஸிஸ் ஓரமாக ஓடுகிற இரும்புக் குழாயையும் சக்கரத்தருகே இருக்கிற ரப்பர் ஹோஸையும் பாருங்கள். முப்பது நாற்பது வருஷம் ஆன ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

பிரேக் ஆயிலைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: அது உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கிற புது ஆயில் குறைந்தது 205 டிகிரி சூட்டில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். மலையில் இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். மழைக்காலத்தில் உப்பு மூட்டையைத் திறந்து போடாத நாம், பிரேக் ஆயில் டப்பாவையும் திறந்து வைக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக வடித்துப் புதிதாக ஊற்றி, ஏர் எடுத்துவிடுங்கள். எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊறிப் பாழாகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நிற்கிற வண்டியில் பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது செலவு: ஒரு குழாயை இரண்டாக்குவது

பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை. அதிலிருந்து போகிற ஆயில்தான் நாலு சக்கரத்துக்கும். எங்கேனும் ஓர் இடத்தில் குழாய் வெடித்தால் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். ஒரே ஆளுக்கு மொத்தச் சரக்கையும் கடன் கொடுத்து, அவர் கடையை மூடினால் நம் கடையும் மூடுகிற கதை இது. எந்த வியாபாரியும் தெரிந்து அப்படிச் செய்யமாட்டான்.

இதற்கு மாற்று, இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒன்று முன் சக்கரங்களுக்கு, மற்றது பின் சக்கரங்களுக்கு. ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். நேரமாகும், ஆனால் நிற்கும். அமெரிக்காவில் 1968-லிருந்தே புதுக் கார்களுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். டிஸ்க் போடப் பணம் இல்லாதவர்கூட இதை மட்டுமாவது செய்துவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. டிஸ்க் பிரேக் வண்டியைச் சீக்கிரம் நிறுத்தும். இரட்டைக் குழாய்தான், குழாய் வெடித்த அன்றைக்கு வண்டி நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது செலவு: முன் சக்கரத்துக்கு டிஸ்க்

மேற்சொன்ன இரண்டும் முடிந்து, வண்டி அடிக்கடி நாலு வழிச் சாலையிலோ மலையிலோ ஓடுகிறது என்றால் தாராளமாக டிஸ்க் போடுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் போட்டால் போதும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன் சக்கரமே செய்கிறது. பின்னால் டிரம் இருப்பது ஹேண்ட் பிரேக்குக்கும் வசதி.

ஆனால் தட்டையும் காலிபரையும் மாட்டினால் வேலை முடிந்தது என்று சொல்கிற பட்டறையை விட்டு வந்துவிடுங்கள். கூடவே செய்ய வேண்டியவை இவை:

டிஸ்க்குக்கு டிரம்மைப் போலத் தானே இறுக்கிக்கொள்கிற குணம் கிடையாது. ஆகவே காலால் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டும். பூஸ்டர் போடாவிட்டால் பெடல் கல்லாக இருக்கும். வயதானவர்களும் பெண்களும் ஓட்டுவது சிரமம். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் இழுக்கிற வெற்றிடமே பூஸ்டருக்குப் போதும். டீசல் வண்டிக்குத் தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும்.

காலிபருக்கு அதிக ஆயில் வேண்டும். அதற்குத் தக்க அளவில் மாஸ்டர் சிலிண்டர் இருக்க வேண்டும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கிற ஒரு வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்க்கோடு சேர்த்தால் பேட் விடாமல் உரசிச் சூடேறும்.

முன் பின் அளவு சரியாக இருக்க வேண்டும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுற்றும். வேலை முடிந்ததும் ஆளில்லாத சாலையில் மெதுவான வேகத்தில் தொடங்கிச் சோதித்துப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

சாமான் வாங்கும்போது அதே கம்பெனியின் பின்னாள் மாடலுக்கு வந்த டிஸ்க் செட் கிடைத்தால் அதுவே நல்லது. வேறு வண்டியின் சாமானைக் கொண்டுவந்து, வெல்டிங் வைத்து ஒட்டுப்போடுவதை ஒருக்காலும் ஒப்பாதீர்கள். பிரேக்கைத் தாங்குகிற இடத்தில் வெல்டிங் வைத்துப் பார்ப்பது உயிரை வைத்துச் சூதாடுவது.

பூஸ்டர் போட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நம்மவர்களுக்கு இறக்கத்தில் எஞ்சினை அணைத்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் உண்டு. எஞ்சின் அணைந்தால் ஒன்றிரண்டு மிதியோடு பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். அரை லிட்டர் பெட்ரோலுக்காக அந்த வேலை வேண்டாம்.

சட்டமும் ஆசையும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. ஆகவே வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாய்மொழி வாக்குறுதி விபத்து நடந்த மறுநாள் காணாமல் போய்விடும். பில் இருந்தால் பேசலாம்.

ஐம்பது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்ட முடியாது. அந்த ஆசை உள்ளவர்கள் வண்டியை அசல் மாறாமல் வைத்து, டிரம்மை நன்றாகப் பராமரித்து, விழாவுக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துப் போகட்டும். கடைக்கும் கமிஷன் மண்டிக்கும் ஓட்டுகிறவர்களுக்கு அசல் என்கிற பெருமையைவிட, சாயங்காலம் வீடு திரும்புவது பெரிது.

உதிரிபாக வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நம் சங்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களும் உண்டு. அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சில வருஷங்களுக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் நல்ல கம்பெனி அட்டைப்பெட்டியில் லைனிங் வாங்கினேன். மூன்று மாதத்தில் கண்ணாடிபோல் வழவழப்பாகிப் பிடிக்காமல் போயிற்று. பெட்டி அசல், உள்ளே இருந்தது போலி. திருப்பிக் கேட்டதற்கு, "பில் இல்லாமல்தானே குறைந்த விலைக்குக் கேட்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று பதில் வந்தது. நான் கையில் பில்லோடு நின்றுகொண்டிருந்தேன்.

பருப்பில் கல் இருந்தால் வாடிக்கையாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் சண்டைக்கு வருவார். பிரேக் லைனிங்கில் போலி இருந்தால் சண்டைக்கு வர ஆள் இருக்கமாட்டார். எடைக்கல்லில் நாணயம் பார்க்கிற நாம் இதிலும் நாணயம் பார்க்க வேண்டும். வாங்குகிற நாமும் பில் கேட்டு, முத்திரை பார்த்து, பத்து ரூபாய் கூடக் கொடுத்து அசலை வாங்க வேண்டும். விலையை மட்டும் பார்க்கிறவன் இருக்கிறவரை போலிக்குச் சந்தை இருக்கும்.

ஓட்டுகிற பையனும் பின் சீட்டு மூட்டையும்

கடைசியாக ஒன்று. பழைய காரை வைத்திருப்பவர் முதலாளி. ஓட்டுகிறவர் பெரும்பாலும் கடைப் பையன். திருவிழா சமயம் வந்துவிட்டால் பின் சீட்டைக் கழற்றி அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கி, டிக்கி மூடாமல் கயிறு கட்டி அனுப்புகிறோம். இருபத்தைந்து கிலோ மூட்டை பத்து ஏற்றினால் இருநூற்றைம்பது கிலோ. அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் பிரேக் நிறுத்த வேண்டும். திடீரென்று பிடித்தால் கட்டாத மூட்டை ஓட்டுகிறவன் முதுகில் வந்து விழும். கார் மனிதர் ஏறுவதற்கு. சரக்குக்கு லோடு ஆட்டோ இருக்கிறது, அதன் வாடகை ஓர் உயிரின் விலை அல்ல.

"பெடல் கொஞ்சம் கீழே போகுதுங்க முதலாளி" என்று பையன் சொன்னால், "ரெண்டு தரம் மிதிச்சு ஓட்டு, பொங்கல் முடியட்டும்" என்று சொல்கிற வழக்கத்தை நாம் விட வேண்டும். அவன் சம்பளத்துக்கு ஓட்டுகிறான், மறுத்துப் பேசமாட்டான். அவன் சார்பில் பேச வேண்டியவர் முதலாளிதான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த வருஷம் பழைய வண்டிக்குப் பெயிண்ட், சீட் கவர், பாட்டுப் பெட்டி என்று ஒதுக்கி வைத்திருக்கிற பணத்தை முதலில் பிரேக்குக்குத் திருப்புங்கள். டிரம்மைச் சரிசெய்யுங்கள். குழாயை இரண்டாக்குங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் பூஸ்டரோடு டிஸ்க் போடுங்கள். மூன்றுக்கும் வசதியில்லையென்றால் முதலாவதை மட்டும் செய்து, வண்டியை ஊருக்குள் நாற்பதுக்கு மேல் விடாமல் ஓட்டுங்கள். ஒன்றுமே செய்ய மனமில்லையென்றால் வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி, ஆயுத பூஜைக்கு மாலை போட்டுக் கும்பிடுங்கள். அதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது.